மஞ்சள் தண்ணீர் ஊற்றிய காலை

எங்கள் தெருவில் குடும்பம் என்று இப்போது இருப்பது நான் ஒருத்திதான். ஜொகூர் பாருவின் பழைய டவுனில், கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டிய வரிசை அது. தையல்காரர், முடிதிருத்துபவர், விடியுமுன் சிங்கப்பூருக்கு பஸ் ஏறுகிறவர்கள் என்று எல்லாரும் இருந்தோம். பிறகு ஓர் ஓவியக்கூடம் வந்தது. வரட்டும், நல்ல பிள்ளைகள் என்றுதான் நினைத்தேன். அதன் பின்னால் காப்பிக்கடைகள் வந்தன, சனி ஞாயிறுகளில் சிங்கப்பூரிலிருந்து பாலத்தைத் தாண்டி வருகிற கூட்டம் வந்தது, வாடகை எகிறியது. குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊருக்கு வெளியே மாசாய்க்கும் உலு திராமுக்கும் சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு போயின. எனக்கு வீட்டை வாடகைக்கு விட்டவருக்கும் அவர் தம்பிக்கும் சொத்துத் தகராறு. அந்தப் புண்ணியத்தில் நான் இன்னும் இருக்கிறேன்.

தைப்பூசத்துக்கு முன்பு கோயில் செயலாளர் போன் செய்தார். "அக்கா, இந்த வருசம் பால்குடம் உங்க தெருவுல வராது. போன வருசம் தண்ணி ஊத்த ஆளே இல்ல. வெயில்ல ரோடு கொதிக்குது, பிள்ளைங்க காலு வெந்து போச்சுலா."

பால்குடம் சுமந்து வெறுங்காலோடு வருகிறவர்களுக்கு வாசலில் நின்று மஞ்சள் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வழக்கம். ஒரு வாசலில் நனைந்த கால் காய்வதற்குள் அடுத்த வாசல் வந்துவிடும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதையும் இந்தத் தெருவிலிருந்து எடுத்துவிட்டால் நான் எதற்கு இங்கே உட்கார்ந்திருக்கிறேன்?

"தண்ணிதானே? நான் பாத்துக்கிறேன். ரூட்ட மாத்துனீங்க, கோயில்லயே வந்து சண்ட போடுவேன்" என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, ஒருத்தி எத்தனை வாசலில் நிற்பது? போனவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். சிலரைத் திட்டினேன், சிலரைக் கெஞ்சினேன். முதலில் சரி என்றவர் பக்கத்து வீட்டு அக்கா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கே இருந்தவர், கீழே தையல் கடை அவர்களுடையதுதான். இப்போது அது காப்பிக்கடை. அக்கா மாசாயில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். "வாளி நான் கொண்டாரேன், உன்னோடது ஓட்டை" என்றார்.

பூசத்தன்று எல்லாரும் வந்தார்கள். காரை எங்கோ நிறுத்திவிட்டு வாளியும் கையுமாக நடந்து வந்தார்கள். யாரும் சொல்லாமலே அவரவர் பழைய வாசலில் போய் நின்றார்கள். ஓவியக்கூடத்துச் சீனப்பெண் தன் குழாயைத் திறந்துவிட்டாள். மேளச் சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊற்றினோம். பால்குடம் சுமந்த ஓர் அம்மா கண்ணை மூடி நின்று, கால் குளிர்ந்த பிறகே நகர்ந்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காப்பி குடிக்க வந்தவர்கள் படம் எடுத்தார்கள். எடுக்கட்டும், நான் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தது.

ஊர்வலம் போனதும் அக்கா வாளியைக் கவிழ்த்து உதறினார். முந்தானையைப் பிழிந்தபடி, மருமகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே திரும்பினார், கதவைத் தள்ளினார், உள்ளே போய்விட்டார். வாளியைப் பழையபடி படிக்கட்டுக்கு அடியில் வைக்கத்தான். படிக்கட்டு இருந்த இடத்தில் மேசை இருந்தது. ஏர்கான் குளிரில், ஈரச் சேலையோடு, வாளியோடு நின்றார்.

அங்கே பரிமாறும் மலாய்ப்பெண் வந்தாள். அவள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. சிரித்த முகத்தோடு எத்தனை பேர் என்று மலாயில் கேட்டாள். "பெராப்பா ஓராங், ஆன்ட்டி?"

அக்கா பளபளத்த தரையில் தன் ஈரக்கால் பட்ட இடத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, முந்தானையால் அதைத் துடைக்க ஆரம்பித்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

"மறந்துட்டேன்டி" என்றார். காரைப் பார்த்து நடந்தார்.

சாயங்காலம் செயலாளர் சந்தோஷமாகக் கூப்பிட்டார். "அலமாக், அசத்திட்டீங்கக்கா! அடுத்த வருசமும் உங்க தெருவுலயே வச்சிடலாம்."

"வேணாம், வேற ரோட்டுல போங்க" என்றேன்.

"ஏங்க்கா? அதான் ஆளுங்க வந்தாங்களே?"

"வந்தாங்க. இன்னொரு தடவ என்னால அவங்கள கூப்பிட முடியாது."