அறுநூறு வாட்ஸ் சந்தேகம்

என் வீட்டு இஸ்திரிப் பெட்டி எழுநூற்றைம்பது வாட்ஸ். அதை மாட்டியதும் மீட்டர் பம்பரமாகச் சுற்றும்.

பத்து நாளைக்கு முன்னால் பாண்டியில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் பார்த்தேன். டீ டம்ளர் உயரத்தில் ஒரு ஜோடி. அட்டைப்பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது — அறுநூறு வாட்ஸ்! பக்கத்தில் எறும்பு சைஸில் பி.எம்.பி.ஓ. என்று நாலு எழுத்து.

இஸ்திரிப் பெட்டிக்குக் கொஞ்சம்தான் குறைவா? அப்படியானால் இதை வைத்துச் சட்டையே தேய்க்கலாமே!

கடைக்காரரிடம் கேட்டேனா? கேட்கவில்லை. இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் என்னை வாராவாரம் சகித்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியும். எழுதும்போது இருக்கிற வாய் எனக்குக் கடையில் இருக்காது. சந்தேகம் மட்டும் தாராளமாக இருக்கும்.

ஸ்பீக்கர் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மகன் பாலு துபாய்க்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. இரண்டு வருட கான்ட்ராக்ட். வெள்ளிக்கிழமை மதியம் போன் செய்வான். மூன்று நிமிடம். அதில் பாதி "சாப்டியா?", "நீ சாப்டியா?" என்பதிலேயே போய்விடும்.

அவனோடு ஒரே ரூமில் தங்கியிருக்கும் கோட்டக்குப்பத்துக்காரர் ஒருவர், லீவில் ஊருக்கு வந்தபோது வீடு தேடி வந்து ஒரு சிடி கொடுத்தார். "கூட வேல பாக்குற ஒருத்தர்கிட்ட கம்ப்யூட்டர் இருக்குதுங்க. அதுல பாலு பேசி ரெக்கார்ட் பண்ணிக் குடுத்தான். பத்து நிமிஷம் பேசியிருக்கான்" என்றார்.

பத்து நிமிடம்! என் மனைவி செல்வி அந்தச் சிடியை முந்தானையில் துடைத்து பீரோவில் வைத்தாள்.

பாலு படிக்கும்போது வாங்கிய பழைய கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது. ஆனால் அதன் ஸ்பீக்கர் போய்விட்டது. எங்கள் ஊர் மரக்காணத்து உப்புக் காற்றுக்கு எந்த ஒயர் தாங்கும்? உள்ளே எல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தது.

"பிரவுசிங் சென்டர்ல போட்டுக் கேட்டுடலாமே" என்றேன்.

செல்வி முறைத்தாள். "எம் புள்ள எங்கிட்ட பேசுறத ஊரே கேக்கணுமா?"

ஆகவே பாண்டி பஸ். பட்ஜெட் ஐநூறு ரூபாய். அதற்குமேல் கிடையாது.

அந்த விலைக்குள் இரண்டு ஜோடிதான் இருந்தன. ஒன்று, நான் சொன்ன அறுநூறு வாட்ஸ். இன்னொன்று அதே உயரம், அதே அகலம். பெட்டியில் அடக்கமாக 'எட்டு வாட்ஸ், ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருந்தது. இரண்டையும் கைக்கு ஒன்றாகத் தூக்கிப் பார்த்தேன். எட்டு வாட்ஸ் கனமாக இருந்தது. அறுநூறு, காலி டப்பா மாதிரி லேசாக இருந்தது.

கடைக்காரர் சொன்னார்: "வெயிட்டா இருக்குது பாருங்க சார், அத எடுத்துக்குங்க."

அங்கேதான் எனக்குள் மணி அடித்தது.

இருபத்தாறு வருடமாக ஓர் உப்பு வியாபாரியிடம் லோடு பார்க்கும் வேலை எனக்கு. ஒரே அளவு மூட்டை இரண்டு. ஒன்று மட்டும் கனக்கிறது என்றால் என்ன அர்த்தம்? உள்ளே ஈரம். உப்பு சரியாகக் காயவில்லை. தண்ணீரை உப்பு விலைக்குத் தலையில் கட்டுகிறார்கள். எங்கள் தொழிலில் கனமான மூட்டையைத்தான் முதலில் பிரித்துப் பார்ப்போம். அதுவும் விற்கிறவனே எடையைப் புகழ்ந்தால்...?

உள்ளே செங்கல் துண்டு ஏதாவது வைத்திருப்பான் என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் அது நல்ல மூளையாகத்தான் தெரிந்தது.

"பாட்டு போட்டுக் காட்டட்டுமா சார்?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல், ஏற்கெனவே கம்ப்யூட்டரில் மாட்டியிருந்த லேசான ஜோடியில் ஒரு குத்துப்பாட்டை முழு சத்தத்தில் போட்டார். கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னையே பார்த்தார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. "போதுங்க, போதுங்க... இதையே குடுத்துடுங்க" என்றேன்.

அறுநூறு வாட்ஸ் பொய் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைத்தான் வாங்கினேன். ஏன்? அடுத்த பெட்டி மேல் அதைவிடப் பெரிய சந்தேகம். ஆளை ஏமாற்ற எப்போதும் இன்னொருத்தன் வேண்டுமா என்ன?

வீட்டுக்கு வந்து மாட்டினேன். செல்வி முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் பாலு பேசுறேன்..."

செல்வியின் முகம் மாறியது. குரல் ஏதோ தகர டின்னுக்குள்ளிருந்து மூக்கால் பேசுவது போல வந்தது.

"இது அவன் குரலே இல்லீங்க."

"அவன்தான்."

"அப்போ ஒடம்பு சரியில்ல. சளி கட்டியிருக்குது. எளைச்சுப் போயிட்டான்."

"குரல்ல எப்படித் தெரியும் எளைச்சது?"

"ஒங்களுக்குத் தெரியாது. பெத்தவளுக்குத் தெரியும்."

"ஸ்பீக்கர் சரியில்லைன்னு நெனைக்கிறேன்."

"ஆமா... எதுன்னாலும் பொருள் மேல பழியப் போடுங்க. வெள்ளிக்கெழம போன் வரட்டும். வேலையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம், கெளம்பி வாடான்னு சொல்லப்போறேன்."

"போன்லயே கேளேன், ஒடம்பு எப்படின்னு."

"கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்லுவான். ஒங்க புள்ளதானே?"

அவள் சொன்னால் செய்வாள். அவள் அழுதால் அவன் கிளம்பிவிடுவான். பாதியில் வந்தால் டிக்கெட் அவன் செலவு, ஏஜென்டுக்குக் கட்டியது போனது போனதுதான். அதைவிட, அடுத்த தடவை எவன் விசா தருவான்? அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கையில் மூன்று நாள் இருந்தது.

மறுநாள் காலையில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் பையில் போட்டுக்கொண்டு ஷெரீப் பாயிடம் போனேன். மரக்காணம் கடைத்தெருவில் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்ப்பவர். என் வயதுக்காரர். நாலு ஸ்க்ரூவைக் கழற்றித் திறந்தார். உள்ளே ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு காந்தம். மீதி எல்லாம் காற்று.

"பாய், அறுநூறு வாட்ஸ் எங்க?"

"ஸ்டிக்கர்லதாண்ணே! ஒரு நொடி, அதுவும் காகிதத்துல, எவ்ளோ வரும்னு அவங்களா போட்டுக்குற நம்பர் அது. ஆர்.எம்.எஸ்.னு சின்னதா போட்டிருந்தா அதத்தான் நம்பணும். இதுல வெயிட்டா ஒண்ணும் இல்லியா அந்தக் கடையில?"

நான் செங்கல் கதையைச் சொன்னேன். பாய் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கடைக்கு வெளியே நின்ற இரண்டு பேர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"வெயிட்டே காந்தம்தாண்ணே! உப்புக்குப் படுற சந்தேகத்த ஸ்பீக்கர் மேல பட்டா எப்படி? போயி மாத்திட்டு வாங்க. பாட்டு போடச் சொல்லாதீங்க, பாட்டுல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். தெரிஞ்ச ஆளு பேசுறதப் போட்டுக் கேளுங்க. அப்புறம், ஒண்ணும் ஓடாம இருக்கும்போது வால்யூம முழுசா ஏத்துங்க. ஸ்ஸ்ஸுன்னு எரைஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க."

குறைந்த பட்ஜெட்டில் ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல யோசனை என்னிடம் இல்லை.

தெரிந்த ஆள் பேசுகிற சிடி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செல்விக்குத் தெரியாமல் பீரோவிலிருந்து எடுத்தேன்.

"பெட்டியப் பிரிச்சுட்டீங்களே சார், எப்படித் திருப்பி எடுக்குறது?" என்றார் பாண்டிக் கடைக்காரர்.

வேறு சமயமாக இருந்தால் சரிங்க என்று திரும்பியிருப்பேன். அன்றைக்குத் திரும்பவில்லை. "இதுல எம் புள்ளைக்குச் சளி புடிச்சிருக்குதுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் சிடியை நீட்டினேன். கனமான ஜோடியை மாட்டி, சத்தத்தை மெதுவாக வைத்தார்.

"அம்மா, நான் பாலு பேசுறேன்..."

பாலுதான்! சளி இல்லை, மூக்கு இல்லை. நெஞ்சிலிருந்து வருகிற அவன் குரல். கண்ணை மூடினால் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறான். "ஸ்டோர்ல கணக்கு எழுதுற வேலைதாம்மா. வெயில்ல நிக்கிறதே இல்ல. நாள் பூரா ஏசி ரூம்தான். இப்பவும் அங்கேர்ந்துதான் பேசுறேன்..." என்கிறான்.

"ஸ்பீக்கர் சூப்பரா இருக்குது சார். ரெக்கார்டிங்லதான் பின்னாடி ஏதோ சத்தம்" என்றார் கடைக்காரர்.

எனக்கும் கேட்டது. முதல் ஸ்பீக்கரில் சுத்தமாகக் கேட்காத ஒரு சத்தம். அடியிலே, தட்... தட்... தட்... என்று. பெரிய டீசல் இன்ஜின். உப்பளத்தில் தண்ணி இறைக்கிற மோட்டாரின் பக்கத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவனுக்கு அது தெரியாதா? நடுவில் இரும்பை இரும்பால் அடிக்கிற ஓசை. யாரோ தூரத்தில் கத்துகிறான்.

மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்ய?

செல்வி மூன்று தடவை கேட்டாள். முதல் தடவை அழுதாள். மூன்றாவது தடவை சிரித்தாள். "நல்லாத்தாங்க இருக்கான்" என்றாள். பிறகு ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்து, "இருங்க... என்னமோ கடகடன்னு ஓடுதே? ஏசிதானே?"

"வேற என்னவா இருக்கும்?" என்றேன்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது. கிளம்பி வா என்று அவள் சொல்லவில்லை. சாப்டியா என்று கேட்டாள், ஏசியில் போர்த்திக்கொண்டு படு என்றாள். கடைசி அரை நிமிடம் போன் என் கைக்கு வந்தது.

"பாலு, அந்த ஏசி ரொம்ப சத்தம் போடுதேப்பா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். பிறகு கேட்டான்:

"அம்மா பக்கத்துல இருக்காங்களாப்பா?"

"இருக்கா."

"அப்போ ஏசிதாம்ப்பா."

செல்வி இந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. அவளைத் தெரிந்தவர்கள் யாராவது படித்தால்... அது ஏசிதான்.