நாலாவது அடி

உதிரிபாகக் கடையில் அவருக்குச் சுலோகம் என்றுதான் பேர். "சுலோகம், கிளட்ச் வயர் ஒண்ணு எடு. சந்தம் பார்த்துக்கிட்டு நிக்காதே, கஸ்டமர் ஓடிடப் போறாரு" என்று முதலாளி கத்துவார். இவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார். எந்த வண்டிக்கு எந்த பிரேக் கட்டை என்பது அவர் கைக்கே தெரியும். மனம் அந்நேரம் சமஸ்கிருதத்தில் செய்யுள் கட்டிக்கொண்டிருக்கும்.

தாமரையையும் நிலவையும் முன்னோர் பாடித் தீர்த்துவிட்டார்கள், மிச்சம் கிடப்பதை நாம் பாடுவோம் என்பது அவர் கட்சி. பெட்ரோல் பங்க் வரிசை, மேம்பாலத்துக்கு அடியில் தூங்குகிறவன், பஞ்சரான டியூப்பைத் தண்ணீரில் அமுக்கும்போது எழும் குமிழி என்று பாடினார். பஞ்சருக்குச் சொல் கிடைக்காமல் பல நாள் திண்டாடி, காற்றுக்குப் பட்ட காயம் என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கட்டினார். அதைக் கேட்டுத் துள்ளிக் குதிக்க ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நண்பர் அவர். இருவரும் ஒரு சமஸ்கிருத மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டியவர்கள். வகுப்பு கலைந்தது; இவர்கள் இருவரும் விடவில்லை. கடை மூடியதும் சுலோகம் நண்பர் வீட்டுக்குப் போவார். நண்பர் ஒரு செய்யுளின் நாலாவது அடியை மட்டும் சொல்வார், வேண்டுமென்றே அபத்தமாக. அதற்குப் பொருத்தமாக முதல் மூன்று அடிகளை இவர் மறுநாள் கட்டிக்கொண்டு வரவேண்டும். சமஸ்யை என்கிற பழைய புலவர் விளையாட்டு அது.

ஒருநாள் நண்பர் சொன்ன அடி: மழை தரையிலிருந்து மேலே பெய்கிறது. லாரிச் சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீரை வைத்து மறுநாள் சுலோகம் முடித்தார். நண்பர் தொடையில் தட்டி ரசித்தார். "சரி, இப்ப வேற தர்றேன், முழிக்கப் போறே" என்று சொல்லி, அதே அடியைக் கொடுத்தார்.

குறும்பு என்று நினைத்தார் சுலோகம். அதற்கு மறுநாளும் அதுவே வந்தது. கிளம்பும்போது நண்பரின் மனைவி வாசல்வரை வந்தாள்.

"அண்ணே, மறதி நோய்னு டாக்டர் சொல்லிட்டாரு. நீங்க காட்டிக்காதீங்க. உங்க முன்னாடி தலைகுனிஞ்சா தாங்க மாட்டாரு."

சுலோகம் காட்டிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு மாலையும் அந்த அடியைப் புதிதாய்க் கேட்பதுபோல் நெற்றியைச் சுருக்கினார். ஒவ்வொரு நாளும் புதிதாய் மூன்று அடி கட்டினார். உடைந்த குழாயில் பீறிடும் நீர். குளத்தில் தெரியும் மேகம். கம்பியில் தலைகீழாகத் தொங்கி அழுகிற பிள்ளை.

கடையில் சரக்கு இறங்கி இடுப்பு ஒடிந்த ஒருநாள், அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. இவனுக்கு எது நினைவிருக்கப் போகிறது என்று, தொங்கும் பிள்ளையையே மறுபடி சொன்னார்.

நண்பர் தொடையைத் தட்டவில்லை.

"டேய், இது பழசுடா. முன்னாடியே சொல்லிட்டே."

நண்பர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மறதி வந்துடுச்சாடா உனக்கு?"

"வந்துடுச்சு போலப்பா."

"பயப்படாதே. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். கடையில தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அன்றும் நண்பரின் மனைவி வாசல்வரை வந்தாள். பிறகு கேட்டாள்: "உங்க பாட்டு மட்டும் அவருக்குள்ள நிக்குது, இல்லண்ணே? நேத்து என்னைப் பார்த்து, 'நீங்க எப்ப வந்தீங்க'ன்னாரு. என் பேரையும் ஒரு பாட்டுல வச்சுக் குடுங்களேன்."

அவள் பெயர் யாப்புக்கு மசியவில்லை. குறில் வரவேண்டிய இடத்தில் நெடில் வந்து நின்றது. பெயரைச் சுருக்கினால் ஓசை சரியாகும். ஆனால் சுருக்கிய பெயர் அவளுடையது அல்ல. பெயரைச் சுருக்குவது பால்பேரிங்கைத் தேய்த்துப் பொருத்துகிற வேலை என்று தன்னையே திட்டிக்கொண்டு, செய்யுளின் ஓசை அளவான விருத்தத்தையே மாற்றினார். அதற்காக நாலாவது அடியையும் ஓசை மாற்றி எழுத வேண்டியிருந்தது. அதுவரை செய்யத் துணியாத காரியம். செய்யுள் இப்படி வந்தது: கொதிக்கும் உலையின் மூடியை ஒருத்தி திறக்கிறாள். ஆவி எழுந்து முகம் நனைகிறது. நனைத்தது ஆவியா கண்ணீரா என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மழை தரையிலிருந்து மேலே பெய்கிறது. முதல் அடியின் முதல் சொல் அவள் பெயர்.

நண்பர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். மூன்றாம் முறை கூடவே சொன்னார், அந்தப் பெயரை ஒரு மாத்திரை குறையாமல். கதவருகே மாத்திரையும் தண்ணீருமாக அவள் நின்றிருந்தாள்.

"நீ கட்டினதிலேயே இதுதான்டா உசத்தி" என்றார் நண்பர். கண் கலங்கியிருந்தது. "யாருடா அந்தப் பொம்பளை? பாவம். அவளை யாராச்சும் பார்த்துக்கிறாங்களா?"



"பார்த்துக்கிறாங்க" என்றாள் அவள். "நீங்க வாயைத் திறங்க."