காய்ச்சல் நாளில் ஸ்டெல்லா அக்கா கேட்டது

ஸ்டெல்லா அக்கா செத்துவிட்டார். முந்தாநாள் காலை. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் ஆறு வருடம் என் பக்கத்து சீட்டில் காருக்கு ஒயர் கட்டியவர்.

பக்கத்திலிருக்கும் ஆரணியிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறியதுமே தூங்கிவிடுவார். ஒயர் கட்டும் லைனிலும் பத்து மணிக்கே முகம் வெளுத்து உட்கார்ந்துவிடுவார்.

"இன்னாம்மா, ஊட்ல தூங்க மாட்டியா?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கேட்பார். நாங்கள் சிரிப்போம். நானும்தான்.

இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் ஏகமாகப் போனதிலிருந்தே அப்படி. குழந்தைக்குப் பால் சுரக்கவே இல்லை. ராசியில்லாதவள் என்றார்கள் சொந்தக்காரர்கள். ஒரு டாக்டர் ஒழுங்காக டெஸ்ட் எழுதிக் கொடுக்க எட்டு வருடம் ஆனது...

டீ பிரேக்கில் அக்காவேதான் எனக்குப் புரிய வைத்தார்.

"மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல ஒரு சுரப்பி கீதாம். ரத்தம் போனப்ப அது வாடிப்போச்சு. அது ஆர்டர் குடுத்தாதான் கிட்னி மேல கீற சுரப்பி, நோவு வந்தா ஒடம்ப தாங்குற கார்டிசால் செய்யுமாம். சூப்பர்வைசர் வரலன்னா லைன் ஓடுமா? அதான் கார்டிசாலுக்கு பதிலா தெனம் ஸ்டீராய்டு மாத்திரை."

"நம்மாளு வரலன்னா லைன் நல்லாவே ஓடும்க்கா" என்றேன். டீ சிந்தச் சிந்தச் சிரித்தார்.

மாத்திரை ஆரம்பித்த பிறகு பஸ்ஸில் தூங்கவே இல்லை. வழியெல்லாம் ஓயாத பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல், வாந்தி. எனக்குத்தான் போன் செய்தார். லைனுக்கு நான்தான் ஃபர்ஸ்ட் எய்டர். இரண்டு நாள் முதலுதவி கிளாஸ், சட்டையில் பச்சை பேட்ஜ்... அந்தத் திமிர் எனக்கு.

"காய்ச்சல்னா மாத்திரைய ரெண்டா போட்டுக்கோ, வாந்தி நிக்கலன்னா ஊசிக்கு ஓடியான்னாருடி டாக்டர். ஒண்ணும் எறங்கல. இன்னா பண்றது?"

"வெறும் வயித்துல ஸ்டீராய்டா? குடல் புண்ணாயிடும்க்கா. ரெண்டு நாள் நிறுத்திட்டு கஞ்சி குடிச்சிக்கினு படு. ஒண்ணும் ஆவாது."

நிறுத்திவிட்டார். டாக்டர் சொன்னதை விட்டு நான் சொன்னதைக் கேட்டார்.

மாத்திரை இல்லாமல் செவ்வாய்க்கிழமை பிரஷர் இறங்கி, சுகர் இறங்கி... ஆஸ்பத்திரி வாசல் வரைதான் உயிர் இருந்தது.

அடக்கத்தில் அவர் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசியா உன்னாண்டதாம்மா தெளிவா பேசுச்சு. நீ சொன்னா கேட்டுக்கும்."

மாத்திரையை நிறுத்தச் சொன்னது நான்தான் என்று சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன். கோழை நான்.

அந்த மனிதர் ஃபேஸ்புக்கில் இல்லை. ஆரணிப் பக்கம் இருப்பவர்கள் யாராவது இதை அவருக்குப் படித்துக் காட்டிவிடுங்கள்.

போய் வாக்கா.