காதுக்காரர்

எங்கள் அத்தானைத் தொழிலில் எல்லோரும் காதுக்காரர் என்றுதான் சொல்வார்கள். டர்போ வைத்த கார்களின் இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் புதிதாகப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. கம்பெனி கொடுத்த வேகம் போதாது என்கிறவர்கள் அவரிடம் வருவார்கள். எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும், தீப்பொறி எப்போது விழவேண்டும், டர்போ எவ்வளவு காற்றைத் திணிக்கவேண்டும் என்பதையெல்லாம் லேப்டாப்பில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போவார். அளவு மீறினால் இன்ஜினுக்குள் பெட்ரோல் முறை தவறி வெடிக்கும். அதற்கு நாக்கிங் என்று பெயர். தகர டப்பாவில் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம், ஆனால் மிக மெல்லியது. அதைக் கேட்டதும் நிறுத்தாவிட்டால் பிஸ்டன் உடைந்துவிடும்.

மற்ற கடைகளில் அந்தச் சத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி இருந்தது. அத்தானிடம் ஒரு செப்புக் குழாய்தான். ஒரு நுனியைச் சுத்தியலால் தட்டையாக்கி, துளை போட்டு, இன்ஜினோடு போல்ட்டால் முடுக்கிவிடுவார். மறு நுனியில் மாட்டிய ரப்பர் குழாய் கார் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, காது இரண்டையும் மூடும் கவசத்தில் சேரும். டாக்டர் நெஞ்சில் வைத்துக் கேட்பது போலத்தான்.

"கோடு பாத்துச் சொல்றதுக்கு நான் எதுக்கு? கோலம் போடறவங்களக் கூப்பிடு" என்பார்.

கடைத் தரையில் உருளைகள் பதித்திருக்கும். காரை அதன்மேல் ஏற்றி, நாலு பக்கமும் பட்டையால் கட்டிவிட்டால் சக்கரம் சுற்றும், வண்டி நகராது. அத்தான் பக்கத்து இருக்கையில் லேப்டாப்போடு உட்கார்ந்துகொள்வார். ஆக்சிலரேட்டரை மிதிக்க ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு அக்கா வீட்டோடு வந்து சேர்ந்த எனக்கு அந்த வேலை வாய்த்தது. பேசவேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. அவர் விரலைத் தூக்கினால் மிதிக்கவேண்டும், மடக்கினால் விடவேண்டும். சாலையில் ஒருமுறைகூட வண்டி ஓட்டாத நான், நின்ற இடத்திலேயே பேய் வேகத்தில் ஓட்டியிருக்கிறேன்.

கண்ணை மூடிக் கேட்டுவிட்டு அவர் "சுத்தம்" என்று சொன்னால் அந்த வண்டி சாலைக்குப் போகலாம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் எங்கிருந்தெல்லாமோ வந்து காத்துக் கிடந்தார்கள்.

வீட்டில் அவர் காது கேட்காமல் போக ஆரம்பித்ததை நாங்கள் எல்லோருமே சிரித்துக்கொண்டே பார்த்தோம். துணி துவைக்கும் மெஷின் முடிந்ததும் கத்தும். அவர் அதன் மேலேயே கையூன்றி நிற்பார், அசையமாட்டார். அக்கா இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவார்.

"உங்க காது இன்ஜினுக்கு மட்டும்தான் தொறக்கும். பொண்டாட்டின்னா ஷட்டர எறக்கிடுவீங்க."

"நீயும் டர்போ மாட்டிக்க. அப்பக் கேக்கறேன்."

எந்த வீட்டில்தான் புருஷன் காதில் பெண்டாட்டி பேச்சு விழுகிறது? அந்தச் சிரிப்பில் அது மறைந்துபோனது. பிறகு, யாராவது பேசினால் அவர் முகத்தை விட்டுவிட்டு வாயையே பார்ப்பதைக் கவனித்தேன். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டும்விட்டேன்.

"அத்தான், காதை ஒருவாட்டி டாக்டர்கிட்ட காட்டலாமா?"

"ஏன், அவருக்கு ஏதாவது வண்டி ட்யூன் பண்ணணுமா?" என்றார். கடையில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் உள்ளே போய்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சின்னவரின் கார் வந்தது. சின்னவர் அத்தானின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. விடுமுறை நாளெல்லாம் அந்தக் காருக்கே செலவழித்து, இன்ஜினைப் பிரித்து, பந்தயத்துக்கான உறுதியான பிஸ்டன்களைத் தானே போட்டிருந்தார். அந்தப் பிஸ்டன்கள் சூடேறும் வரை கடகடவென்று ஆடும். நாக்கிங்கைப் பிடிப்பதற்காகக் கம்பெனியே இன்ஜினில் ஒரு சென்சார் வைத்திருக்கிறது. அது இந்தக் கடகடப்பையும் நாக்கிங் என்று நினைத்து வேகத்தை இழுத்துப் பிடித்தது. அப்படிப்பட்ட வண்டிகளில் அத்தான் சென்சாரின் பேச்சைக் கம்ப்யூட்டர் கேட்காதபடி செய்துவிடுவார்.

"பொய் சொல்ற சாட்சியக் கூண்டுல ஏத்தக்கூடாதுடா. என் காது இருக்கில்ல?"

"அதான் அண்ணே, நீங்க கேட்டா போதும்" என்றார் சின்னவர்.

அன்றும் நான்தான் மிதித்தேன். அத்தான் கண்ணை மூடிக் கேட்டார். "சுத்தம்" என்றார்.

பந்தயத் திடலில் முதல் ஓட்டத்திலேயே பிஸ்டன் உடைந்து இன்ஜினின் பக்கவாட்டைக் கிழித்துவிட்டது. உடைந்த துண்டை ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு சின்னவர் கடைக்கு வந்தபோது கடை நிறைய ஆட்கள்.

"கண்ட பங்க்ல கண்டதையும் ஊத்திட்டு வந்து என் புரோகிராமக் குறை சொல்றியா?" என்றார் அத்தான்.

"நீங்க சொன்ன பங்க்லதான் அண்ணே போட்டேன்."

"அப்ப உன் கால் சரியில்ல. லிஃப்ட் பட்டன அமுக்கற மாதிரி மிதிச்சிருப்ப."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவர் துணியை மறுபடி சுற்றினார். அப்புறம் அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அக்கா போன் செய்தாலும் எடுப்பதில்லை. ஆறுமாதக் குழந்தையிலிருந்து அத்தான் தூக்கி வளர்த்த தம்பி.

மழை பெய்த ஒரு நாள் உண்மை தெரிந்தது. உருளையில் ஒரு வெள்ளைக் கார். அத்தான் வழக்கமாக ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, ரப்பர் குழாய் நசுங்காதபடி இடையில் ஒரு மரக்கட்டை வைப்பார். அன்று சாரல் அடித்ததால் கட்டையை வைக்காமலே பட்டனை அழுத்திவிட்டார் போல. நான் மிதித்தேன், அவர் கேட்டார், "சுத்தம்" என்றார். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி மேலே வரை ஏறியிருந்தது. குழாய் காகிதம் போலத் தட்டையாகிக் கிடந்தது. அதன் வழியாக அவர் காதுக்கு எதுவுமே வந்திருக்க வழியில்லை.

கையை நீட்டிக் காட்டினேன். அவர் பார்த்தார். கண்ணாடியை இறக்கினார். குழாய் மெல்லப் பழைய உருவத்துக்கு வந்தது.

"மறுபடி மிதி."

மிதித்தேன். கண்ணை மூடிக்கொண்டார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. குழாய் அடைத்திருந்தபோது என்ன கேட்டதோ அதேதான் திறந்தபோதும் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"விடு" என்றார். கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "தம்பி வண்டிக்கும் இப்பிடித்தான் சொல்லியிருக்கேன், இல்ல?" என்றார். வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரரிடம் உருளை ரிப்பேர் என்று சொல்லி அனுப்பினோம்.

டாக்டர் சோதித்தார். வருஷக்கணக்கில் அந்த இரைச்சலில் உட்கார்ந்ததால் மெல்லிய சத்தங்கள் போய்விட்டன, போனது போனதுதான் என்றார். பேச்சைக் கேட்க ஒரு மெஷின் கொடுத்தார். வெளியே தெரியும் என்று அத்தான் அதைக் கடை மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"இவதான் கூடவே உக்காந்திருக்காளே, இவ கேட்டுச் சொல்லட்டும்" என்றாள் அக்கா. அத்தான் கவசத்தை என் காதில் மாட்டி, தானே மிதித்தார்.

"கேக்குதா?"

"என்னென்னமோ கேக்குது அத்தான்."

"சரளை கொட்டற மாதிரி?"

"எல்லாமே அப்பிடித்தான் இருக்கு."

இன்னும் சில தடவை முயன்றோம். எனக்குக் காது இருந்தது, அவ்வளவுதான். கவசத்தை என் தலையிலிருந்து அவரே கழற்றினார்.

உருளை ரிப்பேர் என்று சொல்லியும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எப்போது சரியாகும் என்று கேட்டு, ஷட்டர் பக்கத்தில் நின்று கதை பேசுவார்கள். அத்தான் அவர்களுக்கு நடுவே போகாமல் மேசைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருப்பார். தெருவில் ஏதாவது டர்போ வண்டி போனால் நிமிர்ந்து பார்ப்பார். தன் வாயால் சுத்தம் என்று அனுப்பிய வண்டியோ என்று பயம். எப்போதிலிருந்து கேட்கவில்லை என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு வண்டியாக நினைத்துப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டுத் தட்டில் கை அப்படியே நின்றுவிடும்.

ஒருநாள் காலை என்னிடம் போனை நீட்டினார். "தம்பிக்குப் போடு. நீயே சொல்லு. போன்ல யார் பேசினாலும் வாய்க்குள்ள துணி வெச்சுட்டுப் பேசற மாதிரிதான் இருக்கு."

போனில் பேசுவதென்றாலே எனக்கு ஆகாது. என் குரல் என்பதால் சின்னவர் உடனே வைத்துவிடவில்லை.

"அத்தான் சொல்லச் சொன்னாரு. உங்க பெட்ரோல்ல தப்பில்லையாம். உங்க கால்லயும் தப்பில்லையாம். அவருக்குத்தான் காது கேக்கலையாம்."

சின்னவர் சொன்னார். "ஊருக்கே காதுக்காரரு, அவருக்குக் காது கேக்கலையா? நல்லா இருக்கு. என் கால் சரியில்லன்னு எல்லாரையும் வெச்சுக்கிட்டுத்தானே சொன்னாரு? இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லச் சொல்லுங்க. அப்பறம் பாக்கலாம்." வைத்துவிட்டார்.

"என்ன சொல்றான்?" என்றார் அத்தான்.

ஷட்டர் பக்கத்தில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். நான் மெதுவாகச் சொன்னேன்.

"என்ன?"

அவர் அருகில் போய்ச் சொன்னேன். என் வாயையே பார்த்தார். பதற்றத்தில் என் உதடு நடுங்கியதால் அதுவும் அவருக்குப் புரியவில்லை.

"சத்தமாச் சொல்லும்மா. திட்டினானா? வரேன்னானா?"

அவர் கண்ணில் இருந்த ஆசையைப் பார்க்க முடியாமல், வாழ்நாளில் யாரிடமும் குரல் உயர்த்தாத நான் கத்தினேன்.

"உங்களுக்குக் காது கேக்காதுன்னு எல்லார் முன்னாடியும் சொல்லணுமாம்!"

வெளியே பேச்சு நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அத்தானுக்கு இந்தத் தடவை கேட்டுவிட்டது. அவர்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சொல்லியாச்சில்ல" என்றார். பிறகு என் கையிலிருந்த போனைக் காட்டி, "அவன் கேட்டானா?" என்றார்.

போன் எப்போதோ அணைந்திருந்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஷட்டர் பக்கத்திலிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வண்டியை நோக்கி நடந்தார்கள். இன்ஜின்கள் கிளம்பின. அத்தான் தலையைச் சாய்த்து அந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார், எதையோ கேட்பவர் போல.