ராசாவின் கையில் இருந்த உலகம்

"போட்டு வாறன் ராசா" என்று சொல்லிவிட்டுத்தான் எமில்டா காலையில் கதவைப் பூட்டுவார். புருசன் அமிர்தநாதர் அந்த நேரம் குறட்டையில் இருப்பார். ராசா அவரல்ல, வரவேற்பறையில் மாதாவுக்குப் பக்கத்தில் தொங்கும் படத்துக் குழந்தை.

உப்பிய கன்னம், தூக்கம் கலையாத கண், உயர்த்திய கையில் கண்ணாடி மாதிரி ஓர் உருண்டை. கனடாவுக்கு வந்த முதற்கோடையில், யூனியன்வில்லில் ஒரு வீட்டு வாசலில் பரப்பி விற்ற பழைய சாமான்களுக்குள் அகப்பட்டது. உலகத்தைக் கையில் ஏந்திய குழந்தை யேசு என்று முடிவுகட்டி, அன்றைக்கே மெழுகுதிரி கொளுத்திவிட்டார். முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது, வோபர்னில் வீடு வாங்கியது எல்லாம் ராசாவின் தயவுதான். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் படத்துக்கு முன்னால் நிறுத்துவார். "முழங்காலைப் பாருங்கோ, குழி விழுந்திருக்கு. பிள்ளை தூக்கினவைக்குத்தான் உது தெரியும்."

மகள் நிரோஷினியின் நிச்சயதார்த்தத்துக்கு முன்னர் வீட்டுக்குப் பெயின்ற் அடித்தார்கள். கழற்றும்போது படம் விழுந்து சட்டம் பிரிந்தது. சட்டம் மறைத்திருந்த அடிப்பக்கத்தில் பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு சவுக்காரத்தின் பெயர். மூலையில் வரைந்தவரின் கையெழுத்து. நிரோஷினி ஃபோனில் தேடினாள். நூறு வருசத்துக்கு முன்னர் அமெரிக்கப் பத்திரிகைகளுக்குக் குழந்தைப் படங்கள் கீறிய ஒரு பெண்மணியாம்.

"அம்மா, உது சோப் பபிள்! உலகமில்லை!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அமிர்தநாதருக்குச் சிரிப்பு வரவில்லை. "சம்பந்தி வீட்டார் வரேக்கை மாதாவுக்குப் பக்கத்திலை சவுக்கார விளம்பரமோ? மானம் போயிடும். திருப்பிச் சுவரிலை கொழுவாதையும்."

எமில்டாவை வெட்கம் தின்றது. ராசாவிடம் சொல்லாமலே வேலைக்குப் போய்வந்தார். ஆனால் மனம் கேட்கவில்லை. அந்த மனிசி கீறின மற்றப் படங்களையும் காட்டச் சொல்லி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈர நாயைக் கட்டிப்பிடித்த பிள்ளை, படிக்கட்டில் நித்திரையான பிள்ளை. இன்றைக்கும் சனம் பிரதி வாங்கித் தொட்டிலுக்கு மேலே மாட்டுகிறதாம். எமில்டா நிமிர்ந்தார்.

"என்ர கண் பிழைக்கேல்லை. பெயர்தான் பிழைச்சது." புருசன் பக்கம் திரும்பினார். "சவுக்காரமெண்டால் என்னப்பா? அதுவும் ஊத்தை போக்கத்தானே!"

அடுத்த நாளே பிறேம் கடைக்குப் போய், எழுத்தும் கையெழுத்தும் வெளியே தெரியப் பெரிய சட்டம் போடுவித்து, பழைய ஆணியிலேயே மாட்டினார்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தாய் றெபேக்கா படத்துக்கு முன்னால் நின்றார். "வடிவான பிள்ளை. குழந்தை யேசுவோ?"

அமிர்தநாதர் நிலத்தைப் பார்த்தார்.

"இல்லை, சோப் முட்டை ஊதுற பிள்ளை," என்றார் எமில்டா. "ஒரு அமெரிக்க மனிசி கீறினது." பிறகு, எப்போதும் குழந்தையின் முகத்துக்கு நேரே எரியும் மெழுகுதிரியை எடுத்து, மூலையிலிருந்த கையெழுத்துக்குக் கீழே நகர்த்தி வைத்தார்.