மூச்சு மிசினுக்குப் பாலாபிஷேகம்

மீனுவின் மூச்சு மிசினைக் கெடுத்தவள் நான்தான். பழி விழுந்தது அவள் மேல்... செய்தது பாட்டி நான்!

மீனு என் மகன் வழிப் பேத்தி. ஏழு வயது. டவுன் சின்ட்ரோம் பிள்ளை. பேச்சு குறைவு, சிரிப்பு அதிகம். தூங்கினால் மூச்சு நின்று நின்று வரும். அதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு மிசின் இரவல் கொடுத்தார்கள். மூக்கில் மாஸ்க், அதிலிருந்து நீளக் குழாய், குழாய் வழியே காற்று. மாஸ்க்கைக் கண்டாலே பிடுங்கி எறிவாள்.

மருமகள் சுமதி ரவாங் ஃபேக்டரியில் வேலை முடிந்து புக்கிட் ரோத்தான் வீட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரித் தாதி சொல்லிக்கொடுத்தபடி பழக்குவாள். முதலில் கையில் கொடுப்பாள். பிறகு கன்னத்தில் வைப்பாள். காற்றைக் கடைசியில்தான் திறப்பாள்... எனக்கு ஏது அந்தப் பொறுமை? மாஸ்க்கை என் மூக்கில் மாட்டிக் குழாயை ஆட்டினேன்.

"இங்க பாருடி, புள்ளயாரு வந்துட்டாரு!"

குலுங்கிச் சிரித்தாள். தானே வாங்கி மாட்டிக்கொண்டாள். அன்று விடியும்வரை நிம்மதியாகத் தூங்கினாள்.

"அத்தே, நீங்கதான் லா பெரிய டாக்டரு!" என்று சுமதி சந்தோஷத்தில் அழுதாள்.

பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி, எனக்கு டாக்டர் பட்டம்! தலைகால் புரியுமா? மிசினுக்குப் பொட்டு வைத்தேன். முட்டி வலியோடு தோப்புக்கரணம்கூடப் போட்டேன்...

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் பிள்ளையாருக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தோம். நான் டிவி நாடகத்தில் மூழ்கியிருந்தேன். மீனு பால் கோப்பையோடு வந்து நின்றாள்.

"புள்ளயாரு... பாலு?"

திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஊத்துடி தங்கம், நல்லா ஊத்து!" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன்...

மிசின் தலையில் ஊற்றிவிட்டாள்.

சுமதி வந்து பார்த்தாள். "யாரு ஊத்துனது?"

மீனு பெருமையாகக் கையைத் தூக்கினாள். அதுவரை அவளை அடித்தறியாத சுமதி, அந்தக் கையிலேயே ஒன்று வைத்தாள். பிள்ளை அழவில்லை. என்னைப் பார்த்தாள். நானோ... டிவியைப் பார்த்தேன். ஊரையே கிண்டலடிக்கிறவள், 'நான்தான்' என்ற ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டேன்!

ஏன்? மருமகள் முன்னால் மட்டமாகிவிடுவேன் என்றா? டாக்டர் பட்டம் போய்விடும் என்றா? நீங்களே சொல்லுங்கள்.

வேறு மிசின் வந்துவிட்டது. மீனுதான் பழைய மீனு இல்லை. மாஸ்க்கை எடுத்தாலே கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "அடி..." என்கிறாள்.

நேற்றும் சுமதி கேட்டாள்: "நல்லாத்தானே போட்டுக்கிட்டிருந்தா, ஏன் அத்தே இப்படி ஆயிட்டா?"

"எனக்கென்னம்மா தெரியும்? சின்னப் புள்ள, பழகிக்குவா லா" என்றேன்.

ராத்திரி மாஸ்க் இல்லாமலே மீனு என் மடியில்தான் தூங்கினாள். மூச்சு நின்றது... முதுகில் மெல்லத் தட்டினேன். வந்தது.

மறுபடியும் நின்றது.