நீல வாளியில் வந்த மீன்

அன்று செம்பாக்கம் ஏரிக்கரையில் அப்பா இருந்தார், எதிர் அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர் சார் இருந்தார், நான் இருந்தேன். சாரின் மகள் இல்லை. கல்யாணமாகி பெங்களூருக்குப் போய்விட்ட அவள் கண்ணாடித் தொட்டியில் வளர்த்த மீன்களைத்தான் சார் ஒரு நீல வாளியில் தூக்கி வந்திருந்தார். கறுப்பாக, முதலைத் தோலைப் போர்த்திக்கொண்டதுபோல, வாளியின் உட்சுவரில் வாயை ஒட்டிக்கொண்டு கிடந்தன.

“டேங்க் க்ளீனர். தொட்டியில பாசியே சேர விடாது. ஏரியையும் சுத்தம் பண்ணிடும் பாருங்க,” என்றார் சார். சாக்கடை கலந்த ஏரிக்கு எங்கள் பக்கத்தில் பலரும் நம்பிய வைத்தியம் அது.

அப்போது நான் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து படிக்கப் போன முதல் ஆள். “நைனா, இது வெளிநாட்டு மீனு. அடியில கீற முட்டையெல்லாம் தின்னுடும். நம்ம கெளுத்தி, விரால் எதுவும் தேறாது. வேணாம்னு சொல்லு,” என்றேன்.

“சாருக்குத் தெரியாதது உனுக்கு இன்னாடா தெரியும்? நாலு புக்கு படிச்சா மீனு உன்கிட்ட வந்து பேசுதா?” என்றார் அப்பா. சார் சிரித்தார். அப்பாவே வாளியை வாங்கித் தண்ணீரில் சரித்தார்.

அந்த ஏரியில் வலை போட்டு, ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் மீன் விற்றுத்தான் அப்பா என்னைப் படிக்க வைத்தார். ஆனால் நான் என்ன படிக்கிறேன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சார் பேப்பர் வாசித்துச் சொன்னால் மட்டும் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருப்பார். சார் அவரை ‘நீங்க’ என்று அழைத்தார். அந்த ஒரு ‘நீங்க’வுக்கு என் பட்டம் ஈடாகவில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

பிறகு வலையில் கெளுத்தி குறைந்தது. அந்தக் கறுப்பு மீன்களே வந்தன. அவற்றைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்குவதில்லை. வளர்த்து அலுத்துப்போன எத்தனையோ வீட்டுக்காரர்கள் அவற்றை ஏரியில் விட்டிருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் என் கண்ணுக்கு ஒவ்வொன்றும் சார் விட்ட மீனாகவே தெரிந்தது.

ஒரு காலையில் வலை முழுக்க அவையே முள்ளால் சிக்கிக் கிடந்தன. எடுக்க வராமல், அப்பா கத்தியால் வலையை அறுத்தார். ‘நீ அன்னிக்கே சொன்னியேடா’ என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன்.

“சார் நல்லதுக்குத்தான் வுட்டாரு,” என்றார், அறுத்துக்கொண்டே.

சாரும் இப்போது மகளோடு பெங்களூரில் இருக்கிறார். போகும்போது அவர் விட்டுப்போன நீல வாளியை அப்பா யாரையும் தொட விடுவதில்லை. போன வாரம் நான் வாங்கி வந்த புது வலையை அதில்தான் மடித்து வைத்தார்.

“வலை இன்னா வெலண்ணா?” என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

“சார் போன்ல சொல்லிகிறாரு, புள்ள வாங்கியாந்துட்டான்,” என்றார் அப்பா.

சார் எனக்குப் போன் செய்யவே இல்லை. வலையின் விலை, என் சம்பளத்திலிருந்து, ஐயாயிரத்து நானூறு ரூபாய்.